கடைசிப் புள்ளி யாருக்கு

மனையியல் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் மெத்தையில் குப்புறப் படுத்துக் கிடந்ததை முதன்முதலில் கண்டபோது அவருக்கு மயக்கம் வந்துவிட்டதென்றே நினைத்தேன். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தலையைத் திருப்பாமலே, "பிள்ளை, வெளிச்சத்தை மறையாதையும்" என்றார். அவருடைய மூக்குக்கு முன்னால் இரண்டு மாணவிகள் ஒருத்தியை ஒருத்தி அமுக்கிக்கொண்டு கிடந்தார்கள். கீழே கிடந்தவளின் இரண்டு தோளும் மெத்தையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஒரு தோளுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தால் முடியவில்லை. அந்த ஒரு விரல் இடத்தை நின்றுகொண்டு பார்க்க முடியாது என்பது ரீச்சரின் கட்சி.

அப்போது நான் வேலணைத் தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புதிதாக வந்த கணித ஆசிரியை. விளையாட்டு என்றால் எனக்கு வேப்பங்காய். கணக்குத் தெரிந்த ஆள் புள்ளி எழுதட்டும் என்று அதிபர் என்னை மல்யுத்தப் போட்டியின் மேசையில் இருத்திவிட்டார். ரீச்சர் மல்யுத்தத்துக்கு வந்த கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நடுவர் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்படி வலயக் கல்விக் கந்தோரில் கேட்ட நேரம், விளையாட்டுப் பழக்கும் பி.ரி. மாஸ்டர் உதைபந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். மனையியலுக்குப் பாடவேளை குறைவு. "நீங்கள் போட்டு வாங்கோ ரீச்சர், ஒரு சுற்றுலா மாதிரி இருக்கும்" என்று அதிபர் அனுப்பிவைத்தார். சுற்றுலா போனவர் கழுத்தில் விசிலும், இடது மணிக்கட்டில் சிவப்புப் பட்டியும், வலது மணிக்கட்டில் நீலப் பட்டியுமாகத் திரும்பி வந்தார். காலையில் கஞ்சி போட்ட சேலை, பின்னேரம் வெள்ளைக் காற்சட்டை. அதிபர் தன் வாயைத் தானே நொந்துகொண்டிருப்பார்.

சமன் என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. இரண்டு பேர் சமனாக முடித்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், கறியில் கல் கடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "பிள்ளையள் ஒருநாளும் சமனா நிக்கிறேல்லை. பாக்கிற ஆக்களுக்குத்தான் பாக்கப் பஞ்சி, சோம்பல்" என்பார்.

அவர் படித்துவந்த விதி இதுதான். இருவரும் ஒரே எண்ணிக்கையில் முடித்தால், முதலில் பெரிய பிடி யாருடையது என்று பார்க்க வேண்டும். ஆளைத் தூக்கி எறிந்து ஒரே பிடியில் நான்கு புள்ளி எடுத்தவள், இரண்டு இரண்டாகச் சேர்த்து நான்கு எடுத்தவளைவிட மேல். அதிலும் சமன் என்றால், நடுவரிடம் எச்சரிக்கை குறைவாக வாங்கியவள் மேல். அதிலும் சமன் என்றால், கடைசிப் புள்ளியை எடுத்தவள் வென்றாள். அவ்வளவுதான். மேலதிக நேரம் கிடையாது.

இதைத் தீவுப்பகுதியில் சொல்லி விளங்கவைப்பது லேசான காரியமல்ல. எங்கள் ஊர்களில் குழந்தைகள் நடக்கப் பழகுவதே பந்துக்குப் பின்னால்தான். சமன் என்றால் மேலதிக நேரம், அதிலும் சமன் என்றால் தண்ட உதை. அது எல்லோருக்கும் இரத்தத்தில் ஊறிய விஷயம். பி.ரி. மாஸ்டரும் உதைபந்துக்காரர் என்பதால், ரீச்சருக்கு முந்திய காலத்தில் மல்யுத்தத்துக்கும் மேலதிக நேரம் கொடுத்து வந்தார். முதலில் புள்ளி எடுப்பவர் வென்றவர். ஒருவரும் எடுக்காவிட்டால் இன்னொரு மேலதிக நேரம். ஒரு தடவை இரண்டு பெண் பிள்ளைகள் களைத்துப்போய், ஒருத்தியின் தோளில் மற்றவள் சாய்ந்துகொண்டு, கலியாண வீட்டில் அழுகிற சகோதரிகள் மாதிரி நின்றார்களாம். அன்றைக்கு நெடுந்தீவுப் பிள்ளைகள் கடைசிப் படகைத் தவறவிட்டு எங்கள் பள்ளிக்கூட மனையியல் அறையிலேயே படுக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தவர் ரீச்சர்தான். மேலதிக நேரத்தின்மேல் அவருக்கு வந்த கோபம் அந்தப் புட்டுப் பானையில் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

நான் மேசையில் இருந்த முதல் வருடமே அந்தக் கோபத்தை நேரில் கண்டேன். நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தியும் ஊர்காவற்றுறைப் பிள்ளை ஒருத்தியும் இறுதிப் போட்டியில் நான்குக்கு நான்கு என்று முடித்தார்கள். நெடுந்தீவுக்காரி ஒரே எறியில் எடுத்தது. ஊர்காவற்றுறைக்காரி இரண்டு தடவை காலைப் பிடித்து விழுத்தி எடுத்தது. ரீச்சர் இருவரையும் நடுவில் நிறுத்தி, இரண்டு மணிக்கட்டையும் இரண்டு கையால் பிடித்தார். அது அவருடைய வழக்கம். வென்றவளின் கையை உயர்த்தும்போதும் தோற்றவளின் கையை விடமாட்டார். நெடுந்தீவுப் பிள்ளையின் கை மேலே போனது.

உடனே ஊர்காவற்றுறைப் பிள்ளையின் தகப்பன் சப்பாத்தோடு மெத்தையில் ஏறிவிட்டார். அந்தக் காலத்தில் பேர்பெற்ற கோல்காப்பாளராம்.

"இதென்ன நியாயம் ரீச்சர்? நாலுக்கு நாலு. மேலதிக நேரம் குடுங்கோ!"

"அண்ணை, முதல் சப்பாத்தைக் கழட்டுங்கோ."

அவர் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்கட விளையாட்டில கிட்ட நிண்டு அடிச்சாலும் ஒரு கோல், தூரத்தில நிண்டு அடிச்சாலும் ஒரு கோல். திரும்பிப் பாக்க வேற ஒண்டுமில்லை. அதால மேலதிக நேரம் வேணும். இஞ்ச அப்பிடியில்லை. எல்லாம் நடந்து முடிஞ்சுது. உங்கட மகள் வடிவாத்தான் பிடிச்சவ. ஆனால் அந்தப் பிள்ளை உங்கட மகளைத் தூக்கிப் போட்டது. தூக்கினதைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான்தான்."

"பிறகென்ன? இனி மேலதிக நேரம் குடுத்தால், தூக்கினதைக் காணேல்லையெண்டு நான் சொல்லுற மாதிரி. அதுவும் போக, நெடுந்தீவுப் படகு மேலதிக நேரம் நிக்குமே?"

மண்டபம் சிரித்துவிட்டது. அந்த நெடுந்தீவுப் பிள்ளை பதக்கத்தோடும் வெறுங்காலோடும் ஓடிப்போய் படகுத் துறையான குறிகட்டுவானுக்குப் போகும் வான் வண்டியில் ஏறியது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தகப்பன்காரர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வெளியே போனார். அடுத்த வருடம் அதே மனிதர் முன்வரிசையில் இருந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம், "பெரிய பிடி, எச்சரிக்கை, கடைசிப் புள்ளி, மூண்டும்தான் பாக்கிறது" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் அந்த மூன்றாவது விதி தொண்டைக்குள் இறங்கவில்லை. பின்னேரம் பஸ்ஸில் யாழ்ப்பாணம் திரும்பும்போது ரீச்சரோடு பிடுங்குப்படுவேன்.

"முதல் எடுத்த புள்ளியும் ஒரு புள்ளி, கடைசியா எடுத்ததும் ஒரு புள்ளி. ஏன் கடைசிக்கு மட்டும் பெரிய மரியாதை?"

"எழுதுற உமக்கு ஒண்டுதான். பிடிக்கிறவைக்கு அப்பிடியில்லை, பிள்ளை. கடைசிப் புள்ளி களைச்ச பிறகு எடுக்கிறது."

"களைக்காமல் முதல் எடுத்தது குற்றமோ?"

"குற்றமெண்டு ஆர் சொன்னது? ஆனால் இந்த விதியால என்ன நடக்குதெண்டு பாரும். சமனா நிக்கேக்கையும் ஒருத்தி தோத்துக்கொண்டுதான் நிக்கிறாள். அது அவளுக்குத் தெரியும். அதால அவள் சும்மா நிக்கமாட்டாள், போய்ப் பிடிப்பாள். மேலதிக நேரம் இருக்கெண்டால் ரெண்டு பேரும் அதை நம்பிக்கொண்டு கட்டிப்பிடிச்சு நிப்பினம்."

ஜன்னலுக்கு வெளியே கடலில் கட்டியிருந்த இறால் கூடுகளைப் பார்ப்பது போல் பாவனை பண்ணினேன்.

ரீச்சரோடு பழகுவது எல்லா நேரமும் சுகமாக இருந்ததென்று சொல்லமாட்டேன். "பாப்பம்" என்று சொல்லித் தப்புகிற வசதி அவரிடம் கிடையாது. எனக்கு இரண்டு சம்பந்தங்கள் ஒரே நேரத்தில் வந்து, எதற்கும் தலையாட்டாமல் நான் இழுத்துக்கொண்டு திரிந்த காலத்தில், அல்லைப்பிட்டிக்கும் மண்டைதீவுச் சந்திக்கும் இடையில் பஸ்ஸில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய பிடி ஆரிட்டை?"

"ரெண்டு பேருக்கும் நல்ல வேலைதான் ரீச்சர்."

"சமன். எச்சரிக்கை?"

"ஒரு பகுதி வந்து கதிரையில இருந்தவுடனை சீதனக் கதை எடுத்தவை."

"அது ஒரு எச்சரிக்கை. மற்றப் பகுதி?"

"தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டு சொன்னவை."

"முடிஞ்சுது. மூண்டாவதுக்குப் போகத் தேவையில்லை."

பின் இருக்கையில் இருந்த மீன்கார அம்மா, "அதுதான் பிள்ளை சரி" என்று தீர்ப்பை உறுதிப்படுத்தினார். நான் தேத்தண்ணீர்க்காரரையே கட்டினேன். இன்றைக்கும் எந்தத் தேத்தண்ணீரைக் கொடுத்தாலும் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்கிறார். சில நாள்களில் அது எனக்கு எரிச்சலைத் தரும். ஆனால் எச்சரிக்கை குறைவு.

ரீச்சரின் வீடு பண்ணைப் பாலத்துக்குச் சற்று முன்னால், பஸ் தரிப்புக்கு நேரெதிரே இருந்தது. அந்த வீட்டில் அவரும் கணவரும் மட்டும். கணவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறிய பென்சன்காரர். மெலிந்த, நிதானமான மனிதர். ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்க ஒரு முழுத் தேத்தண்ணீர் ஆறிவிடும். போட்டிகளுக்கெல்லாம் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்து கடைசி வரிசையில் இருப்பார். கைதட்டமாட்டார். மனைவி மெத்தையில் குப்புறப் படுக்கும்போது மட்டும் கதிரையில் கொஞ்சம் முன்னுக்கு வருவார்.

"வீட்டில ரெண்டு பேர், பிள்ளை. எதுக்கு வாக்கெடுத்தாலும் சமன்" என்று ரீச்சர் ஒருநாள் சொன்னார். "அதால வீட்டிலயும் விதி வேணும்."

"எச்சரிக்கையைப் பாத்தால் அவர்தானே எப்பவும் வெல்லுவார்?"

"அதாலதான் வீட்டில ரெண்டாவது விதியை நான் எடுக்கிறேல்லை."

பெரிய பிடி யாருடையது என்பதில் இருவரும் ஒத்துவருவதில்லை. ஆகவே மிச்சம் கடைசிப் புள்ளி மட்டும். கடைசியாகச் சொல் சொன்னவர் வென்றார். ஆனால் கடைசி என்பது எப்போது? அதற்கும் ஒரு மணி வேண்டுமே. அந்த மணி எங்கள் பஸ்தான். சாரதித் தம்பிக்குத் தரிப்பை விட்டு எடுக்கும்போது ஒரு நீண்ட ஹோன் அடிக்கிற பழக்கம். அந்த ஹோன் அடிக்கும்போது யாருடைய சொல் கடைசியாக நிற்கிறதோ, அவருக்கே வெற்றி.

இது யாருக்குச் சாதகமான விதி என்று சொல்லத் தேவையில்லை. ரீச்சர் வாசல் படலையைத் திறக்கும்போதே கதைத்துக்கொண்டு வருவார். தெருவைக் கடக்கும்போது கதைப்பார். மிதிபலகையில் ஒரு காலை வைத்துத் திரும்பி, கடைசி வசனத்தைப் படலையை நோக்கி எறிவார். கணவர் வாயைத் திறப்பார். ஹோன் அடிக்கும். முருங்கையை வெட்டுவதா விடுவதா, புதுக் குளிர்சாதனப் பெட்டி வேண்டுமா வேண்டாமா, மச்சாள் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு யார் போவது என்று எல்லாமே அந்த மிதிபலகையில் முடிந்தன. ரீச்சர் வந்து என் பக்கத்தில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, "வெண்டிட்டன்" என்பார். ஒரு மனிதர் இவ்வளவு காலம் ஒரே மாதிரித் தோற்றும் முகம் கோணாமல் இருக்கிறாரே என்று நான் அதிசயப்படுவேன்.

ஒரு மாசியில் அந்த மனிதர் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். பக்கத்து வீட்டார் கண்டு தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரீச்சருக்கு அழைப்பு எடுத்தபோது தொலைபேசி கைப்பைக்குள் இருந்தது. ரீச்சர் பயிற்சி மெத்தையில் யாரோ ஒரு பிள்ளையின் தோளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பெரிதாக ஒன்றுமில்லை, மருந்து கொடுத்து விட்டுவிட்டார்கள். ஆனால் ரீச்சர் அதன்பிறகு பஸ்ஸில் முன்போலக் கதைக்கவில்லை. "விழேக்க நான் இல்லை" என்று ஒரு தடவை சொன்னார். வீட்டுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டார். கேட்டது கிடைத்தும்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அந்த வருடந்தான் எங்கள் பிள்ளைகள் முதன்முறையாக மாகாண மட்டப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தார்கள். ரீச்சர் போனால் மல்யுத்தமும் போகும், மெத்தையைச் சுருட்டி மேடைக்குக் கீழே தள்ளிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகள் ரீச்சரிடம் கேட்கவில்லை, என்னிடம் வந்து கேட்டார்கள். நான் "பாப்பம்" என்றேன். எனக்கோ அதைவிடச் சுயநலமான கவலை ஒன்று இருந்தது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை வெறுமையாகிவிடும்.

அந்தக் கிழமை முழுவதும் தரிப்பில் பஸ் நின்றபோதெல்லாம் சண்டை காதில் விழுந்தது. முதல் நாள் நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கேட்டேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

"நான் மாறித்தான் வரப்போறன்" என்றார் ரீச்சர்.

"தேவையில்லையப்பா. நீர் அங்கையே..." என்று படலையில் நின்றவர் தொடங்கினார்.

ஹோன்.

இருவரும் பக்கம் மாறி நின்று சண்டை பிடித்தார்கள். போக விருப்பமில்லாதவர் போகிறேன் என்று கத்தினார். தனியே விழுந்து கிடந்தவர் போகவேண்டாம் என்று மெல்லச் சொன்னார். ரீச்சர் ஒவ்வொரு நாளும் வென்றார். ஆனால் ஏறி வந்து என் பக்கத்தில் இருந்தபோது "வெண்டிட்டன்" என்று ஒருநாளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பில் நின்றது. ரீச்சர் தெருவைக் கடந்து வந்தார். மிதிபலகையில் கால் வைத்துத் திரும்பினார். "இண்டைக்குக் கையெழுத்து வைக்கிறன். முடிஞ்சுது!" என்று படலையை நோக்கி எறிந்துவிட்டு, வந்து நான் விட்டுக்கொடுத்த ஜன்னலோரம் இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பஸ் நகரவில்லை. ஹோனும் அடிக்கவில்லை.

"ஏன் தம்பி எடுக்கேல்லை?" என்று ரீச்சர் கேட்டார்.

சாரதித் தம்பி பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். கணவர் படலையைச் சாத்தி, கொளுவி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்துக் கடந்து வந்துகொண்டிருந்தார். வந்து ஜன்னல் விளிம்பில் கையை வைத்தார். மூச்சு வாங்கினார். பஸ் முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது.

"உம்மடை கதை முடிஞ்சுதே?"

"ஓம்" என்றார் ரீச்சர்.

"அப்ப என்ரையைக் கேளும். மண்கும்பானில ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறன். உம்மடை பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட. நல்ல தண்ணிக் கிணறு. கடற்காத்து எனக்கு நல்லதெண்டு டொக்டரும் சொன்னவர். அடுத்த மாசம் போறம்." நிறுத்தி, இன்னொரு மூச்சு எடுத்தார். "நீர் மாறத் தேவையில்லை. நான் மாறுறன்."

ரீச்சர் வாயைத் திறந்தார்.

சாரதித் தம்பி ஹோனை அமுக்கினான். அப்படி ஒரு ஹோனை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டிருக்காது. கை எடுக்காமல் அமுக்கினான்.

ஹோன் ஓய்ந்ததும் ரீச்சர் முன்னால் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இது களவு."

"நான் நேரம் பாக்கிறவன் மட்டும்தான் ரீச்சர்" என்றான் அவன். "ஐயா நேற்றே வந்து சொன்னவர், தான் கதைச்சு முடிய இண்டைக்கு அடிச்சால் போதுமெண்டு."

ரீச்சர் என்னைப் பார்த்தார். புள்ளி எழுதுகிறவளை நடுவர் பார்க்கிற அதே பார்வை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. என் பக்கத்து இருக்கை எப்படியும் வெறுமையாகப் போகிறது என்பதும் உறைத்தது, ஆனாலும் "கடைசிப் புள்ளி அவருக்குத்தான் ரீச்சர்" என்றேன்.

சமன் என்றோ, மேலதிக நேரம் என்றோ அவர் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டினார். கணவரின் மணிக்கட்டைப் பிடித்து, எட்டும் மட்டும் மேலே உயர்த்தினார். தோற்றவரான ரீச்சரின் மற்றக் கை, வழக்கம்போல விட்டுவிடாமல், மடியில் சாப்பாட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பஸ் எடுத்தது. ரீச்சரின் பிடி விலகியது. பாலத்தில் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் தெருவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். வென்று பழக்கமில்லாதவருக்குக் கையை எப்போது இறக்குவதென்று தெரியவில்லை. அது மேலேயே இருந்தது.